இரண்டாவது காப்பாளர்

ஒரு கிரிக்கெட் அணியில் பந்துவீச்சாளன் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், பந்தை வாங்கிக்கொள்ள மூன்று பேர் கை நீட்டுவர். ஆரம்பத் துடுப்பாட்டக்காரனுக்குக் காய்ச்சல் என்றால், எட்டாவதாக ஆடுகிறவனுக்குக்கூட அவ்விடத்தின்மீது ஓர் ஆசை பிறக்கும். ஆனால், ஸ்டம்புகளுக்குப் பின்னே குந்தியிருக்கும் விக்கெட் காப்பாளனின் விரலில் பந்து பட்டு, அவன் கையுறையைக் கழற்றிக் கையை உதறிக்கொண்டு நிற்கும் வேளையில், அணித்தலைவன் களத்தைச் சுற்றி ஒருமுறை பார்க்கிறான். எஞ்சிய ஒன்பது பேரும் அப்போது புல்லைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஒரு கணத்தை முன்கூட்டியே எண்ணி, ஓர் அணி தன்னோடு மற்றொரு காப்பாளனையும் அழைத்துச் செல்லுதல் வேண்டுமா என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த வினா. கேட்பதற்குச் சிறியதாகவே தோன்றும். தேர்வாளர்கள் கூடும் கொழும்பு மண்டபங்களில் இஃது ஒரு விமானச் சீட்டைப் பற்றிய பேச்சு. அரநாயக்கத் தோட்டங்களிலோ ஒருவனுடைய ஒரு நாள் ‘பேர்’ பற்றிய பேச்சு. வேலை நாளானால் செக்ரோலில் அன்றைய பேர் விழாது. ஞாயிற்றுக்கிழமையானால் கைக்காசு போகும். ஆடுவானோ மாட்டானோ என்று எவருக்கும் தெரியாத ஒருவனை, அத்தனையையும் விட்டுவிட்டு வா என்று அழைப்பது எளிதான காரியம் அன்று.

அரநாயக்கவைப் பார்த்திராத வாசகர்களுக்கு இடத்தைச் சிறிது சொல்லிவைத்தல் நன்று. கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதியில் மாவனல்லையில் பிரிந்து, தெற்கு நோக்கி வளைந்து வளைந்து ஏறினால் இப்பகுதியை அடையலாம். கேகாலை மாவட்டத்தின் இறப்பரும் மலைநாட்டின் தேயிலையும் கைகோக்கும் நிலம் இது. ஆங்கிலேயர் பைபிள் பாறை என்று பெயரிட்ட பத்தலேகல மலை இங்குதான் மேசைபோல் தட்டையான தலையோடு நிற்கிறது. சமதரை என்று சொல்லத்தக்க இடத்தை இயற்கை அந்த உச்சியிலே கொண்டுபோய் வைத்துவிட்டது. கீழே வாழ்கிறவர்களுக்கு எஞ்சியது சரிவுதான். தோட்டத்து மைதானம் எனப்படுவது பெரும்பாலும் மலையை வெட்டிய ஒரு படி. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் பள்ளம், பள்ளத்தில் தேயிலைச் செடி. இத்தகைய களத்தில் காப்பாளனைத் தாண்டிய பந்து நேராகத் தேயிலைக்குள் இறங்கிவிடும். அதைத் தேடி எடுப்பதற்குள் ‘பை’ ஓட்டங்கள் நான்கு எழுதப்பட்டிருக்கும்; சில வேளை பந்தே கிடைக்காமற் போகும். பட்டணத்து மைதானத்தில் தடுமாறும் ஒரு காப்பாளனைப் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே அவனால் ஆட்டமே நின்றுவிடும்.

காப்பாளன் செய்யும் வேலை வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இலேசாகத் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. அதை நன்றாகச் செய்கிறவனை எவரும் கவனிப்பதில்லை. ஐம்பது ஓவர் கொண்ட ஓர் இன்னிங்ஸில் அவன் முந்நூறு முறை குந்தி எழ வேண்டும். தொண்ணூறு ஓவர் வீசப்படும் டெஸ்ட் நாளில் ஐந்நூற்று நாற்பது முறை. ஒவ்வொரு முறையும் பந்து தன்னிடம் வந்தே தீரும் என்ற எண்ணத்தோடு எழ வேண்டும். பெரும்பாலும் அது வராது. இடையில் மட்டை வீசப்படுகிறது. காலின் பக்கமாகச் செல்லும் பந்தைத் துடுப்பாட்டக்காரனின் உடலே மறைத்துவிடுகிறது. பழக்கமில்லாதவன் மட்டையைப் பார்க்கிறான், பந்தைத் தவற விடுகிறான். பந்து எழுமுன் தான் எழுந்துவிடுகிறான். விரல்நுனிகளைப் பந்துக்கு நேரே நீட்டுகிறான். விரல் முறிவது இந்த மூன்றாவது பிழையால்தான். காயம்பட்டவனுக்குப் பதிலாக வந்து நிற்பவன் அடுத்த காயத்தை வாங்குவதற்கு இதைவிட வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இதே கவலை அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்திலும் உண்டு. புத்தாண்டுக்கு எல்லே ஆடிப் பழகிய நம் நாட்டவர்க்கு பேஸ்போல் முற்றிலும் அந்நியமான ஆட்டம் அன்று. இரண்டும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்றே சொல்லலாம். அங்கே பந்தை வீசுபவனுக்கு எதிரே, முகமூடியும் மார்புக்கவசமும் அணிந்து குந்தியிருப்பவனைக் கேட்சர் என்பார்கள். அந்நாட்டுப் பெரிய சங்கத்தின் அணிகள் இருபத்தாறு பேரைக் கொண்டவை. அவருள் கேட்சர் வழக்கமாக இருவர். ஆனால் அவ்வாட்டத்தின் விதி கடுமையானது: ஒருமுறை வெளியே எடுக்கப்பட்டவன் அன்றைய ஆட்டத்தில் மீண்டும் நுழைதல் ஆகாது. ஆகவே இரண்டாவது கேட்சரைத் துடுப்பாட்டத்திற்காக இறக்கிவிட்ட பயிற்றுநர், முதலாமவனுக்குக் காயம் நேராதிருக்க வேண்டுமே என்று அஞ்சியபடி இருப்பார். நேர்ந்துவிட்டால், சிறுவயதில் எப்போதோ அவ்விடத்தில் குந்திப் பழகிய களத்தடுப்பாளன் ஒருவன் முகமூடியை மாட்டிக்கொள்வான். ‘அவசரக் கேட்சர்’ என்பது அவன் பெயர். மூன்றாவது கேட்சரை முறையாகவே வைத்துக்கொள்ளலாமா, அல்லது அந்த இடத்தை இன்னொரு பந்துவீச்சாளனுக்குக் கொடுத்து அவசரக்காரனை நம்பியிருக்கலாமா என்று அங்கே ஓயாது வாதிடுகிறார்கள்.

இலங்கையின் கிரிக்கெட் இந்த வாதத்திற்குத் தந்த விடைகளுள் மிகச் சிறந்தது 1996ஆம் ஆண்டினது என்று நான் கருதுகிறேன். அவ்வாண்டு மார்ச் 17ஆம் தேதி லாகூரில் உலகக் கிண்ணத்தை வென்ற அணியில் கையுறை அணிந்தவர் ரொமேஷ் களுவிதாரண. அவருக்கு இரண்டாவதாகத் தனியொரு காப்பாளர் அழைத்துச் செல்லப்படவில்லை. ஆயினும் அன்று களத்தில் நின்ற பதினொருவரைச் சற்று உற்றுப் பாருங்கள். ஹஷான் திலகரத்ன தமது ஆரம்ப காலத்தில் காப்பாளராக ஆடியவர். அசங்க குருசிங்க 1985இல் கராச்சியில் தமது முதல் டெஸ்டில் இறங்கியதே காப்பாளராகத்தான். ஆக, துடுப்பாட்டத்திற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே இரண்டு காப்பாளர்கள் ஒளிந்திருந்தனர். ஓர் இடத்தையும் வீணாக்காமல் மூன்று காப்பாளரை வைத்திருந்த அணி அது. இதைத் திட்டமிட்டுச் செய்தார்களா, தற்செயலாக அமைந்ததா என்பது வேறு பேச்சு.

ஆனால் எல்லா அணிக்கும் அத்தகைய பாக்கியம் வாய்ப்பதில்லை. அதற்கும் நம் மாவட்டத்தோடு தொடர்புடைய ஒரு சான்று உண்டு. 1982ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை இங்கிலாந்தோடு ஆடிற்று. தேயிலை, இறப்பர்க் கட்டுப்பாட்டு அதிகாரியாகவும் விளங்கிய பாக்கியசோதி சரவணமுத்து என்ற தமிழரின் பெயரைத் தாங்கிய மைதானம் அது. தோட்டத்து மக்கள் அந்தப் பெயரை அறிந்திருத்தல் தகும். அன்று இலங்கைக்காக ஸ்டம்புகளுக்குப் பின்னே நின்றவர் மஹேஸ் குணதிலக்க. அவர் கேகாலையில் பிறந்தவர். அவ்வாண்டில் இலங்கை ஆடிய ஐந்து டெஸ்ட் போட்டிகளிலும் அவரே காப்பாளர். டி. எஸ். டி சில்வாவின் சுழலுக்கு ஸ்டம்பை ஒட்டி நின்று பந்து பிடிப்பது என்றால், பந்து எப்பக்கம் திரும்பும் என்பதைத் துடுப்பாட்டக்காரனுக்கு முன்னரே அறிந்தாக வேண்டும்.

அவ்வாண்டின் முடிவிலேயே அவரது டெஸ்ட் வாழ்வும் முடிந்துபோயிற்று. நிறவெறிக் கொள்கையின் காரணமாக உலகம் ஒதுக்கிவைத்திருந்த தென்னாபிரிக்காவுக்கு, பந்துல வர்ணபுரவின் தலைமையில் அனுமதியின்றிச் சென்ற அணியோடு அவரும் சென்றார். சென்றவர்கள்மீது கிரிக்கெட் சபை இருபத்தைந்து ஆண்டுத் தடை விதித்தது. அந்தப் பயணத்தின் நியாய அநியாயத்தைப் பற்றி இங்கு நான் எழுதவில்லை. அதனை எழுதுவதானால் இந்தப் பக்கம் போதாது. நம் வினாவுக்கு வேண்டியது இவ்வளவே: ஒரே நாளில் ஒரு நாடு தன் முதல் காப்பாளரை இழந்தது. விரலில் பட்ட காயமென்றால் ஆறு கிழமையில் ஆறும். இது அவ்வாறு ஆறக்கூடியதன்று. 1983 மார்ச்சில் நியூசிலாந்தில் அடுத்த டெஸ்ட் காத்திருந்தது.

அங்கே கையுறை அணிந்து இறங்கியவர் கய் டி அல்விஸ். அவ்வாண்டு உலகக் கிண்ணப் போட்டிகளிலும் அவரே காப்பாளராக நின்றார். 1984இல் லோர்ட்ஸ் மைதானத்தில் அமல் சில்வா காப்பாளராக ஆடி, ஆட்டமிழக்காமல் 102 ஓட்டங்கள் பெற்றார். 1985இல் குருசிங்க வந்ததை முன்னரே சொன்னேன். 1987இல் பிரண்டன் குருப்பு தமது முதல் டெஸ்டிலேயே காப்பாளராக நின்று, நியூசிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 201 ஓட்டங்கள் குவித்தார். ஒருவர் போனபின் நான்கே ஆண்டுகளில் நால்வர். இவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். முதலிடம் மற்றொருவருக்குரியது என்று தெரிந்தும் பாடசாலையிலும் கழகத்திலும் விடாது பயின்றுவந்தவர்கள்.

இனி, விதி என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். நீண்ட காலமாகக் கிரிக்கெட் விதி, காயம்பட்டவனுக்காக வரும் மாற்று வீரன் பந்து வீசுவதையும் துடுப்பெடுத்தாடுவதையும் போலவே, விக்கெட் காப்பதையும் தடுத்துவைத்திருந்தது. எதிரணித் தலைவர் பெருந்தன்மையோடு இசைந்தால்தான் வழி. 1986ஆம் ஆண்டு ஜூலையில் லோர்ட்ஸ் மைதானத்தில் நடந்தது கதைபோல் இருக்கும். இங்கிலாந்தின் காப்பாளர் புரூஸ் பிரெஞ்ச், துடுப்பெடுத்தாடும்போது ரிச்சர்ட் ஹட்லியின் பந்தில் தலையில் அடிபட்டார். முதலில் பில் அத்தே என்ற துடுப்பாட்டக்காரர் சிறிது நேரம் நின்று பார்த்தார். பின்னர், ஓய்வு பெற்றுவிட்ட பொப் டெய்லர், போட்டிக்கு ஆதரவளித்த நிறுவனத்தின் விருந்தினரைக் கவனித்துக்கொள்வதற்காக அன்று அங்கு வந்திருந்தார். நாற்பத்தைந்து வயதான அவரை அழைத்துக் களத்தில் நிறுத்தினார்கள். நியூசிலாந்துத் தலைவர் ஜெரமி கோனி இசைந்தார். டெய்லர் நேர்த்தியாகவே காத்தார் என்று பார்த்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அதன்பின் ஹம்ப்ஷயர் அணியிலிருந்து பொபி பார்க்ஸ் வந்து சேர்ந்தார். இன்னிங்ஸ் முடியும் தறுவாயில் பிரெஞ்சே திரும்பி வந்தார். ஒரே இன்னிங்ஸில் நான்கு காப்பாளர்! டெய்லர் அன்று அங்கே வந்திராவிடின் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். தாய்நாட்டில் ஆடும் அணிக்கே இந்தப் பாடு.

2017ஆம் ஆண்டு ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய விதித் தொகுப்பு இதை மாற்றிற்று. நடுவர்கள் இசைந்தால் மாற்று வீரன் விக்கெட் காக்கலாம் என்று ஆயிற்று. நம் வினாவின் எடை அன்று கூடிவிட்டது எனலாம். முன்பெல்லாம் இரண்டாவது காப்பாளனை அழைத்துச் சென்றாலும், ஆட்டத்தின் நடுவே அவனால் பயனில்லை. அடுத்த ஆட்டத்திற்குத்தான் உதவுவான். இப்போது அதே ஓவரிலேயே அவன் உள்ளே வரலாம்.

இதன் பயனையும் இதன் எல்லையையும் 2025ஆம் ஆண்டின் கோடை ஒருங்கே காட்டிற்று. இங்கிலாந்துக்குச் சென்ற இந்திய அணியின் காப்பாளர் ரிஷப் பந்த், ஜூலை 10ஆம் தேதி லோர்ட்ஸில் பந்தைத் தடுக்கும்போது சுட்டுவிரலில் அடிபட்டார். அவருக்காக மாற்று வீரர் துருவ் ஜுரேல் வந்து நின்றார். ஜுரேல் அவசரக்காரர் அல்லர். டெஸ்ட் ஆடிய, தேர்ந்த காப்பாளர். எனினும் வெளியே உட்கார்ந்திருந்தவர் உள்ளே வந்து, பந்து ஸ்டம்பைத் தாண்டியபின் நெளிந்து செல்லும் அந்தச் சரிந்த மைதானத்தில் நிற்கவேண்டியிருந்தது. இங்கிலாந்தின் இரண்டாவது இன்னிங்ஸில் ‘பை’ ஓட்டங்கள் மட்டும் 25. இந்தியா தோற்றது 22 ஓட்டங்களால். குறையை அவர்மீது சுமத்துவது நியாயமாகாது. காலுக்கு வெகு வெளியே வீசப்பட்ட பந்துகளும் அவற்றுள் இருந்தன. ஆனால் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்த எவரும், காப்பாளன் வேலை சில்லறை வேலை என்று மறுபடி சொல்லமாட்டார்.

அடுத்த போட்டியில், மான்செஸ்டரில், பந்தின் கால் எலும்பு முறிந்தது. ஜுரேல் மறுபடியும் மாற்றாகக் காத்தார். ஓவலில் நடந்த கடைசிப் போட்டிக்கு ஜுரேலே முதல் காப்பாளராகிவிட, அவருக்கு ஒரு துணை தேவைப்பட்டது. அப்போது அழைக்கப்பட்டவர் கோயம்புத்தூரில் பிறந்த நாராயணன் ஜெகதீசன். 2022இல் தமிழ்நாட்டுக்காக ஓர் ஒருநாள் ஆட்டத்தில் 277 ஓட்டங்கள் அடித்து உலகச் சாதனை செய்தவர். கடல் கடந்து சென்று, அணியோடு இருந்து, ஆடாமலே திரும்பினார். இந்தியா 6 ஓட்டங்களால் வென்றது. ஜெகதீசன் சென்றது வீண் என்று சொல்லலாமா? ஜுரேலின் விரல் அந்த ஐந்து நாளில் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் மறைத்தல் கூடாது. அது வலுவான வாதமே. 2003ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் இந்திய அணி, துடுப்பாட்டத்தில் ஒருவர் கூடுதலாக இருக்கட்டும் என்று ராகுல் திராவிடின் கையில் கையுறையைக் கொடுத்தது. இறுதிப் போட்டிவரை அவரே காத்தார். தனிக் காப்பாளராக அழைத்துச் செல்லப்பட்ட பார்த்திவ் பட்டேல் ஒரு போட்டியும் ஆடவில்லை. பதினேழு வயதில் சென்ற அவருக்குப் பதினெட்டாவது பிறந்தநாள் அந்தத் தொடரின் நடுவிலேதான் வந்தது. அந்த இடத்தில் இன்னொரு பந்துவீச்சாளர் இருந்திருக்கலாம். இளைஞன் ஒருவன் தன் ஊரில் ஆடிக் கைதேர வேண்டிய நாட்களை, பிறர் ஆடுவதைப் பார்த்துக் கழிப்பதில் ஒரு கொடுமை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

இரண்டாவது காப்பாளனைத் தேடி வைத்தால், அவன் முதலாமவனுக்குக் காயம் நேரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது என்ன விதி? குமார் சங்கக்கார இலங்கைக்காகப் பல ஆண்டு டெஸ்டில் காத்தார். அவ்வாறு காத்த போட்டிகளில் அவரது துடுப்பாட்டச் சராசரி 40ஐ ஒட்டியது. பிரசன்ன ஜயவர்தன என்ற அருமையான காப்பாளர் பக்கத்திலே இருந்தார். சங்கக்கார கையுறையைக் கழற்றி அவரிடம் கொடுத்தபின் ஆடிய டெஸ்ட்களில் அச்சராசரி 66க்கு மேல் ஏறிற்று. 2006 ஜூலையில் கொழும்பில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக அவர் 287 ஓட்டங்கள் எடுத்து, மஹேல ஜயவர்தனவோடு 624 ஓட்ட இணைப்பாட்டம் ஆடிய போட்டியில், காப்பாளராக இருந்தவர் பிரசன்னவே. ஆடாதவன் சுமை என்று எண்ணப்பட்ட ஒருவரால், ஆடுகிறவர் இரட்டிப்பானார்.

அரநாயக்கத் தோட்டங்களுக்குத் திரும்புவோம். இங்கே ஆட்டங்கள் பெரும்பாலும் தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும்தான் களைகட்டும். கொழும்பில் கடைகளிலும் ஆலைகளிலும் வேலை செய்யும் இளைஞர்கள் லயத்துக்குத் திரும்பும் காலம் அது. சேர்ந்து பயிற்சி செய்யாத பதினொருவர் அன்று காலைதான் ஓர் அணியாகிறார்கள். ஆட்டம் சொப்ட்போல் என்றால் பெரிய கவலை இல்லை. (நம் ஊரில் சொப்ட்போல் என்பது மென்பந்தால் ஆடும் கிரிக்கெட், அதே பெயரில் பேஸ்போலின் தங்கையான வேறோர் ஆட்டம் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) மென்பந்தை வெறுங்கையால் பிடிக்கலாம், எவனும் காக்கலாம். அங்கே இரண்டாவது காப்பாளனுக்காக ஒருவனுடைய பேரைக் கெடுப்பது வேண்டாத வேலை என்பதே என் துணிபு.

கடினப் பந்து ஆட்டம் அப்படியன்று. அங்கே விரல் முறிந்தால், முறிந்தது ஆட்டக்காரனின் விரல் மட்டும் அன்று. கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் விரல் அது. இறப்பர் மரத்தில் பட்டையைச் சீவிப் பால் வெட்டும் விரல் அது. பட்டையில் கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனாலும் மரம் கெடும். முறிந்த விரலோடு அந்த வேலையைச் செய்வதெப்படி? சர்வதேச வீரனுக்குக் காயம்பட்டால் வைத்தியரும் ஒப்பந்தமும் உண்டு. நாட்கூலி வாங்குபவனுக்கு ஆறு கிழமைப் பேர் போகும். ஆதலின், பழக்கமில்லாத ஒருவனை அவசரத்துக்குக் கையுறை மாட்டி நிறுத்துவது இங்கே ஆட்டத்தின் வெற்றி தோல்வியோடு முடிகிற சங்கதி அன்று. கடினப் பந்து ஆடும் தோட்டத்து அணி, பன்னிரண்டாவது ஆளாக எவனை அழைத்துச் செல்வது என்று யோசிக்கும்போது, ஓட்டம் எடுப்பவனையோ வேகமாக ஓடுபவனையோ விட்டு, காக்கத் தெரிந்தவனையே அழைத்துச் செல்லுதல் வேண்டும் என்று நான் துணிந்து சொல்வேன்.

பன்னிரண்டாமவனுக்கு வழியில்லையானால் 1996இன் வழி இருக்கிறது. ஸ்லிப்பில் நின்று பிடி எடுக்கிறவனாகப் பார்த்து ஒருவனைத் தெரிந்துகொண்டு, திருவிழாவுக்கு முந்திய சில மாலைகளில், அணியின் சுழற்பந்து வீச்சாளனுக்கு அவனை அரைமணி நேரம் காக்கவிட வேண்டும். வேகப்பந்துக்கு எட்டி நிற்பதைச் சீக்கிரம் பழகிவிடலாம். ஸ்டம்பை ஒட்டி நிற்பதுதான் விரலை உடைப்பது. கையுறையும் உள்ளுறையும் அவன் கைக்குப் பொருந்துகின்றனவா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். தோட்டத்து அணிகள் பலவற்றிலும் உள்ளது ஒரே சோடி. அது முதலாமவனின் கைக்கு வாங்கியது. தளர்ந்த கையுறை வெறுங்கையைவிடப் பொல்லாதது.

அந்தப் பன்னிரண்டாமவன் இழக்கும் பேருக்கு என்ன வழி? அணியின் சந்தாப் பணத்தில் முதற்செலவாக அதை எழுதிவிடலாம். வெற்றிக் கிண்ணத்திற்கும் சீருடைக்கும் தண்டல் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இதற்கும் எடுக்கத் தெரியாமற் போகாது. அதோடு, மதியச் சோற்றுப் பொதிகளை எண்ணிக் கட்டும்போது பதினொன்றோடு நிறுத்திவிடாமல், பன்னிரண்டாவதையும் கட்டிவிடுங்கள்.